தபாலில் வந்த விளையாட்டு

தொண்ணூறுகளில் நம்மூர்ப் பள்ளி, கல்லூரிகளின் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தவர்களிடம் 'டேஞ்சரஸ் டேவ்' என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். சிவப்புத் தொப்பி போட்ட குட்டி மனிதன். கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது. நெருப்பில் கால் பட்டால் ஓர் உயிர் போச்சு. ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஃபிளாப்பியிலிருந்து அதைத் திறந்து ஆடிய தலைமுறை ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு பெரிய நிறுவனம் கடையில் விற்பதற்காகச் செய்த விளையாட்டு என்றுதான் அவர்களில் பலர் நினைத்திருப்பார்கள். டேவ் பிறந்ததோ ஓர் இதழின் சந்தாதாரர்களுக்காக.

அமெரிக்க நிரலாளர் ஜான் ரொமேரோ 1988இல் 'அப்டைம்' என்ற இதழுக்கு அதை எழுதிக் கொடுத்தார். அப்டைம் காகிதத்தில் அச்சாகவில்லை. நிரல்களையும் விளையாட்டுகளையும் கட்டுரைகளையும் ஃபிளாப்பி டிஸ்க்கில் பதிந்து தபாலில் அனுப்புவார்கள். வாசகர் அதைக் கணினியில் செருகிப் படிக்க வேண்டும், ஆட வேண்டும். தான் உருவாக்கிய ஒரு நிரல் கருவியை வாசகர்களுக்கு விளக்க நினைத்த ரொமேரோ, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று காட்ட ஒரு சின்ன விளையாட்டையும் சேர்த்தார். அதுதான் டேவ். பிறகு அது ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு மாறியது. கை மாறிக் கை மாறி நம்மூர் லேப் வரைக்கும் வந்து சேர்ந்தது.

வீட்டுக் கணினி விளையாட்டு இதழ்கள் தங்கள் சந்தாதாரர்களுக்கு என்ன கொடுத்தன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. இலவச கேசட், சுவரொட்டி, விலைத் தள்ளுபடி என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த இதழ்களை நாற்பது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலுக்காக வைத்திருக்கவில்லை.

முதலில் சாஃப்ட்டிஸ்க்கின் கதை. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் 1981இல் தொடங்கிய இதழ் அது, ஆப்பிள் 2 கணினி வைத்திருந்தவர்களுக்கானது. அன்றைக்கு ஃபிளாப்பி டிஸ்க்கின் விலை அதிகம். அதனால் ஆரம்பத்தில் ஒரு விநோதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள்: இதழ் வந்ததும் சந்தாதாரர் தனக்கு வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதே டிஸ்க்கில் அடுத்த இதழ் ஏறும். கருத்துகளும் அதனோடு சேர்ந்தே ஆசிரியர் குழுவுக்குப் போகும். நூலகப் புத்தகம் போல டிஸ்க் போய்ப் போய் வந்தது.

சந்தா பெருகியதும் அந்நிறுவனம் மற்றக் கணினிகளுக்கும் தனித்தனி வட்டு இதழ்கள் தொடங்கியது. காமடோர் 64க்கு 'லோட்ஸ்டார்', ஐபிஎம் வகைக்கு 'பிக் ப்ளூ டிஸ்க்'. 1990இல் விளையாட்டுக்கென்றே 'கேமர்ஸ் எட்ஜ்' வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சந்தாதாரருக்கு ஒரு புது விளையாட்டு போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அதைச் செய்து கொடுக்க, அப்போது சாஃப்ட்டிஸ்க்கில் வேலை செய்துகொண்டிருந்த ரொமேரோ ஒரு சின்னக் குழுவைத் திரட்டினார். அதில் இருபது வயதை எட்டாத நிரலாளர் ஜான் கார்மாக்கும் இருந்தார்.

அந்தக் குழு வார இறுதிகளில் அலுவலகக் கணினிகளைத் தூக்கிக்கொண்டு போய், சொந்தமாக 'கமாண்டர் கீன்' என்ற விளையாட்டைச் செய்து 1990 டிசம்பரில் வெளியிட்டது. நன்றாக விற்றது. விஷயம் நிறுவனத்துக்குத் தெரிந்ததும் தகராறு. 1991இல் அவர்கள் வெளியேறி 'இட் சாஃப்ட்வேர்' தொடங்கினார்கள். ஆனால் சமரச நிபந்தனையாக, கேமர்ஸ் எட்ஜ் சந்தாதாரர்களுக்குத் தொடர்ந்து விளையாட்டு எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கடன்தான் உலக விளையாட்டு வரலாற்றைத் திருப்பிவிட்டது. இரண்டு மாதத்தில் ஒன்றை முடித்தே ஆக வேண்டும். பெரிய இலாபம் எதிர்பார்க்க முடியாது. அதனால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கத் தடையும் இல்லை. 1991இல் 'ஹோவர்டேங்க் 3டி' போனது: ஆடுபவரே வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பது போன்ற காட்சி, வெறும் வண்ணச் சுவர்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் 'கேட்டகோம் 3டி': சுவரில் கல்லும் பாசியும் தெரிந்தன, திரையின் அடியில் ஆடுபவரின் கை தெரிந்தது. அடுத்த மே மாதம் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி', 1993 டிசம்பரில் 'டூம்'. துப்பாக்கியை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடும் விளையாட்டுகள் இன்று எத்தனையோ இருக்கின்றன. அந்த வகையின் ஆரம்பப் படிகளை முதலில் ஆடிப் பார்த்தவர்கள், தபால்காரருக்காகக் காத்திருந்த சில ஆயிரம் வீடுகளின் பிள்ளைகள்.

இதழ் என்றால் காலம் தவறாமல் வர வேண்டும். அந்தக் கட்டாயம் வாசகருக்கும் நல்லது, எழுதுபவருக்கும் நல்லது என்பதற்கு கேமர்ஸ் எட்ஜை மிஞ்சிய சான்று இல்லை.

காகித இதழ்களின் கதை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. 1981 மார்ச்சில் இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் 'இசட்எக்ஸ்81' கணினியை வெளியிட்டது. பாகங்களாக வாங்கி நாமே கூட்டிக்கொண்டால் 49.95 பவுண்டு, கூட்டியது 69.95. நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். அடுத்த ஏப்ரலில் வண்ணம் காட்டும் 'ஸ்பெக்ட்ரம்' வந்தது. நடுத்தரக் குடும்பத்தால் வாங்க முடிந்த விலையில் கணினி வரத் தொடங்கியதும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. 1981 நவம்பரில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' இதழ் வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' தொடங்கி 2006 வரை ஓடியது.

தொடக்க கால இதழ்களின் பக்கங்களைப் புரட்டினால் இன்றைய கண்ணுக்கு வியப்பாக இருக்கும். பக்கம் பக்கமாக நிரல் வரிகள். விளையாட்டையே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். வாசகர் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பேசிக் மொழி அந்தக் கணினிகளுக்குள்ளேயே இருந்தது, ஸ்விட்சைப் போட்டதும் எழுதத் தயார். அண்ணன் வாசிக்கத் தம்பி தட்டுவான். ஓர் அரைப்புள்ளி தவறினாலும் விளையாட்டு ஓடாது. எங்கே தவறு என்று தேடி மாலைப்பொழுது போய்விடும். தேடும்போது ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று புரியத் தொடங்கும். அந்தத் தலைமுறையில் நிரலாளர் ஆனவர்கள் பலர் இப்படித் தவறு தேடிக் கற்றவர்கள்.

இதில் அமெரிக்காவின் 'கம்ப்யூட்ஸ் கெஜட்' காட்டிய அக்கறை தனி. 1983இல் காமடோர் கணினிக்காகத் தொடங்கிய இதழ் அது. வேகமான விளையாட்டுகளை பேசிக்கில் எழுத முடியாது. இயந்திர மொழியில், வெறும் எண்களாகத்தான் எழுத முடியும். ஆயிரக்கணக்கான எண்களைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய மனிதரால் ஆகுமா? அதற்காகவே 'எம்எல்எக்ஸ்' என்ற சின்ன நிரலை அவர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் கூடுதலாக அச்சாகியிருக்கும். அந்த வரியின் மற்ற எண்களைக் கணக்கிட்டு வந்த சரிபார்ப்பு எண் அது. வாசகர் வரியைத் தட்டியதும் கணினி தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒத்துப் போகாவிட்டால் அந்த வரியிலேயே நிறுத்திவிடும். பிழையோடு அடுத்த வரிக்குப் போவது அரிது. இந்த வழியில் 1984இல் 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' என்ற முழு எழுத்துச் செயலியையே இதழில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கடையில் நல்ல விலைக்கு விற்ற வகை மென்பொருள், இதழின் விலையில் கிடைத்தது. தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாதவர்கள் கூடுதல் பணம் கட்டினால் அந்த மாத நிரல்கள் எல்லாம் டிஸ்க்கில் வந்துவிடும்.

ஆனால் விசுவாசமான வாசகர் கூட்டம் என்றால் இங்கிலாந்தின் 'க்ராஷ்' இதழைத்தான் பேச வேண்டும்.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய லட்லோ ஒரு பழைய சந்தை ஊர், கோட்டை உள்ள ஊர். இலண்டனிலிருந்து வெகு தூரம். அங்கே ரோஜர் கீன், ஆலிவர் ஃப்ரே, அவர் தம்பி ஃபிராங்கோ ஃப்ரே மூவரும் 1983இல் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளைத் தபாலில் விற்கத் தொடங்கினார்கள். அதற்காக அச்சடித்த விலைப் பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டைப் பற்றியும் நாலு வரி எழுதினார்கள். அந்த நாலு வரிக்கு இருந்த மதிப்பைப் பார்த்து, 1984 பிப்ரவரித் தேதியிட்டு அதை மாத இதழாகவே கொண்டுவந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் மாதம் இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, 1986இல் பிரிட்டனின் மற்றக் கணினி இதழ்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

இந்த வெற்றிக்கு முக்கியக் காரணம் விமர்சனம். அன்றைக்கு ஒரு புது விளையாட்டு கேசட் ஐந்தாறு பவுண்டு. பெரிய நிறுவனங்களின் விளையாட்டு பத்துப் பவுண்டையும் தொட்டது. பள்ளிப் பிள்ளைக்கு அது பல வாரத்துக் கைச்செலவுக் காசு. கேசட்டின் அட்டையில் அழகான ஓவியம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கடையில் போட்டுப் பார்த்து வாங்கவும் வழியில்லை, ஒரு விளையாட்டு ஏறவே ஐந்து நிமிடம் ஆகும். இந்த இடத்தில் க்ராஷ் ஒரு காரியம் செய்தது. விமர்சனம் எழுத உள்ளூர்ப் பள்ளி மாணவர்களையே கூப்பிட்டது. ஒரு விளையாட்டை மூன்று பேர் ஆடுவார்கள். மூவர் கருத்தும் தனித்தனிப் பெட்டியில் அச்சாகும். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் அப்படியே வரும். கடைசியில் வரைகலைக்கு இவ்வளவு, ஆட்டச் சுவைக்கு இவ்வளவு, கொடுத்த காசுக்கு இவ்வளவு என்று சதவீதம். தொண்ணூறைத் தாண்டியவற்றுக்கு 'க்ராஷ் ஸ்மாஷ்' முத்திரை. அந்த முத்திரையை நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் பெரிதாகப் போட்டுக்கொண்டன.

விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்தின் விளையாட்டுக்கே குறைந்த மதிப்பெண் போட வேண்டிய நாளும் வரும். விமர்சன இதழ் என்றால் அந்த நாளில் நேராக நின்றாக வேண்டும். சந்தாதாரர் முன்பணமாகக் கட்டுவது அந்த நேர்மைக்குத்தான். வேறு எந்தப் பரிசும் அதற்கு ஈடாகாது என்பதே இந்தக் கட்டுரையின் தரப்பு.

மாறான உதாரணமும் உண்டு. விளையாட்டுப் பெட்டி செய்யும் நிண்டெண்டோ நிறுவனமே 1988இல் அமெரிக்காவில் 'நிண்டெண்டோ பவர்' இதழைத் தொடங்கியது. 'டிராகன் வாரியர்' என்ற விளையாட்டு அங்கே எதிர்பார்த்தபடி விற்காமல் தேங்கியபோது, இதழுக்குச் சந்தா கட்டுபவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வாங்கிக்கொண்டார்கள். சந்தாப் பரிசுகளில் இதற்கு இணை சொல்வது கடினம். ஜப்பானியப் பாத்திர வேட விளையாட்டுகள் அமெரிக்காவில் வேர்விட அந்தப் பரிசு பெரிதும் உதவியது. வழிகாட்டி வரைபடங்களும் அந்த இதழில் அருமையாக இருந்தன. ஆனாலும் விற்பவரே நடத்தும் இதழிடம் 'இதை வாங்கலாமா?' என்று கேட்க முடியாது. லட்லோ மாணவர்களிடம் கேட்க முடிந்தது.

விமர்சனத்தை முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் வாசகரே எழுத்தாளர். க்ராஷில் கடிதப் பகுதியை 'லாய்ட் மங்க்ரம்' என்பவர் நடத்தினார். அப்படி ஒருவர் கிடையாது; ஆசிரியர் குழு கூடி உருவாக்கிய கற்பனைப் பெயர். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் அவருக்கு எழுதிக் குவித்தார்கள், சண்டை போட்டார்கள், மாதத்தின் சிறந்த கடிதத்துக்குப் பரிசு வாங்கினார்கள். காமடோர் 64க்கு 1985இல் அதே நிறுவனம் தொடங்கிய 'ஸாப் 64' இதழில் 'ஸ்கோர்லார்ட்' என்ற இன்னொரு கற்பனை ஆள் அதிகபட்ச மதிப்பெண் பட்டியலைக் காத்தார். யார் எந்த விளையாட்டில் எவ்வளவு எடுத்தார் என்று பெயரும் ஊரும் அச்சாகும். வாசகர் வாக்களித்து மாதப் பட்டியலில் விளையாட்டுகளை ஏற்றி இறக்கினார்கள்.

அந்தப் பக்கங்களிலிருந்து ஆசிரியர் மேசைக்கே போனவர்களும் உண்டு. ஜூலியன் ரிக்னல், 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' நடத்திய ஆர்கேட் போட்டியில் வென்ற இளைஞர். ஸாப் 64 தொடங்கியபோது விமர்சகராகச் சேர்ந்தார். பிறகு 'மீன் மெஷின்ஸ்' என்ற புகழ்பெற்ற இதழின் ஆசிரியரானார். தொண்ணூறுகளில் 'பிசி ஸோன்' இதழில் விமர்சனம் எழுதிய சார்லி புரூக்கர்தான் பிறகு 'பிளாக் மிரர்' தொடரை உருவாக்கியவர். அந்தத் தொடரின் 'பேண்டர்ஸ்னாட்ச்' படம் 1984இல் வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு நிரல் எழுதும் பையனின் கதை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

குறிப்புகள் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய விளையாட்டுகள் கொடூரமானவை. மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் 1983இல் எழுதிய 'மேனிக் மைனர்' இருபது குகைகள் கொண்டது; ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு நாளை தொடரும் வசதி கிடையாது, கையில் மூன்றே உயிர். பாதிக் குகைகளைக் கண்ணால் பார்க்காமலேயே பலர் கேசட்டை மூட்டை கட்டினார்கள். அப்போது இதழ்களில் ஒரு வரி வந்தது: போக் 35136, 0.

'போக்' என்பது கணினியின் நினைவகத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நாம் விரும்பும் எண்ணை எழுதும் கட்டளை. மேனிக் மைனரில் 35136ஆம் இடத்தில் ஒரு சின்ன ஆணை இருந்தது: 'மீதமுள்ள உயிர்களில் ஒன்றைக் குறை.' அந்த இடத்தில் 0 என்று எழுதினால், ஸ்பெக்ட்ரமின் செயலிக்கு அதன் பொருள் 'ஒன்றும் செய்யாதே'. விழுந்தாலும் உயிர் குறையாது. அவ்வளவுதான் வித்தை. அந்த ஒற்றை வரியை அச்சில் பார்த்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, விளையாட்டு என்பது எண்களாலானது, எண்ணை மாற்றினால் உலகம் மாறும் என்று புரிந்தது. இதைப் பாடப்புத்தகம் இத்தனை சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை.

அதே ஸ்மித் 1984இல் எழுதிய 'ஜெட் செட் வில்லி'யின் கதை இன்னும் சுவையானது. முதலில் முடிப்பவருக்கு ஷாம்பெயினும் ஹெலிகாப்டர் பயணமும் பரிசு என்று வெளியீட்டாளர் அறிவித்தார். ஆனால் நிரலில் பிழைகள். பரண் அறைக்குள் ஒரு முறை நுழைந்து வந்தால் வேறு சில அறைகளின் தகவல்கள் சிதைந்து, அங்கே போனதும் வில்லி செத்துப்போவான். வேண்டுமென்றே வைத்ததுதான், அந்த அறைகளில் விஷவாயு என்று முதலில் சமாளித்துப் பார்த்தார்கள். வாசகர்கள் விடவில்லை. நிரலைப் பிரித்துப் பார்த்து, போக் வரிகளால் பிழையைச் சரிசெய்து, விளையாட்டை முடித்தே காட்டிய இருவருக்குப் பரிசு போனது. அவர்களில் ஒருவருக்கே பிற்பாடு அந்த விளையாட்டை வேறொரு கணினிக்கு மாற்றி எழுதும் வேலையும் கிடைத்தது. 'யுவர் ஸ்பெக்ட்ரம்' இதழ் ஒரு படி மேலே போய், ஜெட் செட் வில்லிக்குள் புதிதாக ஓர் அறையைச் சேர்க்கும் நிரலையே அச்சடித்தது. தட்டச்சு செய்தால், கடையில் வாங்கியவர் வீட்டில் இல்லாத அறை சந்தாதாரர் வீட்டில் இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் மேலாக வைக்க வேண்டியது ஸாப் 64 வெளியிட்ட நாட்குறிப்புகள். எசெக்ஸ் பகுதியில் வேலை செய்த ஆண்ட்ரூ பிரேபுரூக், 1985இல் 'பாராட்ராய்ட்' என்ற விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தபோதே அன்றாட நாட்குறிப்பை இதழுக்குக் கொடுத்தார். இன்று என்ன யோசனை வந்தது, எது ஓடவில்லை, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம், எதைக் கைவிட வேண்டியிருந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். வாசகர்கள் ஒரு விளையாட்டு பிறப்பதை மாதாமாதம் பார்த்தார்கள். அது முடிந்து வெளிவந்தபோது இதழின் தங்கப் பதக்கமும் பெற்றது. இன்னொரு விளையாட்டு நிரலாளரான ஜெஃப் மின்டரும் இதே போல எழுதினார். தொழில் இரகசியம் என்று மூடி வைப்பதே வழக்கமாக இருந்த துறையில், கைவினைஞர் ஒருவர் தன் பட்டறைக் கதவைத் திறந்து வைத்ததற்குச் சமம் இது.

எண்பதுகளின் கடைசியில் கதை வேறு பாதையில் திரும்பியது. அட்டையில் கேசட் ஒட்டிக் கொடுக்கும் பழக்கம் பரவியது. முதலில் ஒரு கட்டம் மட்டும் ஆடிப் பார்க்கும் மாதிரி. பிறகு பழைய விளையாட்டு ஒன்று முழுதாக. பிறகு இரண்டு, மூன்று, நான்கு. 'யுவர் சின்க்ளேர்', 'சின்க்ளேர் யூசர்', க்ராஷ் மூன்றும் போட்டி போட்டு ஒட்டின. வாசகருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் இரண்டு, மூன்று பவுண்டு விலையில் பழைய விளையாட்டுகளை மறுபடி விற்றுப் பிழைத்த சின்ன நிறுவனங்களின் வியாபாரத்தில் அது மண்ணைப் போட்டது. இதழின் காசும் கேசட்டுக்கே போக, பக்கங்கள் மெலிந்தன. வாசகர் படிப்பதற்காக வாங்குகிறாரா கேசட்டுக்காக வாங்குகிறாரா என்று ஆசிரியருக்கே தெரியாத நிலை வந்தது. அந்தப் பந்தயம் இதழ்களைக் கெடுத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஸ்பெக்ட்ரமின் காலமும் முடிந்துகொண்டிருந்தது. க்ராஷை நடத்திய நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1991இல் மூழ்கியது. வேறு கைக்கு மாறிய க்ராஷ் 1992 ஏப்ரலில் 98ஆம் இதழோடு நின்று, சின்க்ளேர் யூசரோடு இணைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே சின்க்ளேர் யூசரும் நின்றது. 1993 செப்டம்பரில் யுவர் சின்க்ளேர் தன் 93ஆம் இதழோடு விடைபெற்றது.

சந்தா என்பதன் கணக்கையும் இங்கே புரிந்துகொள்வது நல்லது. கடைக்குப் போகும் இதழில் கடைக்காரர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு போக மிச்சமே பதிப்பாளருக்கு. விற்காத பிரதிகள் திரும்பி வந்து கூழாகும். சந்தாதாரரின் பிரதி அப்படித் திரும்பாது. பணமும் ஓராண்டுக்கு முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அதனால்தான் தள்ளுபடி கொடுத்தும், பரிசாக ஒரு விளையாட்டைச் சேர்த்தும் பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகிறது. கடைக்கு வருமுன் வீட்டுக்கு வருவது, பழைய இதழ்களைச் சேர்த்து வைக்கும் உறை, தபால் விற்பனையில் விலைக் குறைப்பு என்று சலுகைகள் வந்ததெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான். இன்றைக்கு 'எட்ஜ்' போன்ற பிரிட்டிஷ் இதழ்கள் சந்தாதாரர்களுக்கென்றே தனி அட்டை அச்சடிக்கின்றன: கடைப் பிரதியில் இருக்கும் விளம்பர வாசகங்கள் ஏதும் இல்லாமல், ஓவியம் மட்டும். கடையில் வழிப்போக்கரைக் கூவி அழைக்க வாசகங்கள் வேண்டும். ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டவருக்கு அவை எதற்கு?

இந்தியாவில் இந்தச் சலுகைகளுக்கு இன்னொரு பொருள் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்த காலத்தில், பெரிய கோப்பு எதையும் பதிவிறக்க முடியாது. 'பிசிக்வெஸ்ட்' இதழ் 1996இல் லினக்ஸ் இயங்குதளத்தையே சிடியில் வைத்துக் கொடுத்தது. பிறகு 'டிஜிட்' இதழோடு வந்த சிடிகளிலும் டிவிடிகளிலும் விளையாட்டு மாதிரிகள், முன்னோட்டக் காட்சிகள், மென்பொருள்கள் நிரம்பி வழிந்தன. 'ஸ்கோர்' என்ற விளையாட்டு இணைப்பும் சேர்ந்து வந்தது. சென்னையிலும் மதுரையிலும் பல மாணவர்கள் அந்த வட்டுக்காகவே இதழை வாங்கினார்கள்.

மேலை நாட்டில் நின்றுபோன இதழ்களுக்கு அதன் பிறகும் உயிர் இருந்தது. 2004இல் இங்கிலாந்தில் 'ரெட்ரோ கேமர்' தொடங்கியது, பழைய விளையாட்டுகளுக்கென்றே. அந்த ஆண்டின் ஓர் இதழோடு யுவர் சின்க்ளேரின் 94ஆம் இதழ் இணைப்பாக வந்தது. 93ஆம் இதழ் வந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுவருடமே ரெட்ரோ கேமரின் பதிப்பாளர் நொடித்துப்போனார். வேறொரு பதிப்பகம் எடுத்து நடத்தியது. இன்று 250 இதழ்களைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

க்ராஷும் திரும்பி வந்தது, இந்த முறை வாசகர்கள் முன்பணத்தில். முதலில் ஆண்டு மலர். பணம் கட்ட வாசகர்கள் திரண்டதைப் பார்த்து, 2020இன் கடைசியில் சின்ன அளவில் காலாண்டிதழ். அன்று அட்டை வரைந்த அதே ஆலிவர் ஃப்ரே, தன் எழுபதுகளில் அதற்கும் அட்டை வரைந்தார். 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தின் தொடக்கத்தில் ஒரு காமிக்ஸ் புத்தகம் விரியுமே, அதை வரைந்தவர் அவர்தான். 2022இல் அவர் மறைந்தார். அவர் ஓவியங்களைப் பள்ளி நாளில் சுவரில் ஒட்டி வைத்தவர்கள், ஐம்பது வயதில் அவருக்கு அஞ்சலி எழுதினார்கள்.

இந்த உலகத்தை நேரில் பார்க்க விரும்புபவர்களுக்குப் பெரிய செலவில்லை. க்ராஷ், ஸாப் 64, கம்ப்யூட்ஸ் கெஜட் மூன்றின் பழைய இதழ்களும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்ற மின்நூலகத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன, இலவசமாகவே படிக்கலாம். வீட்டில் நிரல் எழுதப் பழகும் பிள்ளை இருந்தால் ஸாப் 64இன் 1985ஆம் ஆண்டு இதழ்களை எடுத்து, பாராட்ராய்ட் நாட்குறிப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.